கண்ணாடித் தொட்டியில் நத்தைப் படை

கூடத்தின் ஓரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் பச்சைப் பசேலென நீர்த்தாவரங்கள். அவற்றின் இடுக்குகளில் ஒளிந்தும் வெளிப்பட்டும் திரியும் வண்ண மீன்கள். பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள் என்று வாங்கி வைத்துவிட்டு, நாளடைவில் பெரியவர்களே அதன் முன் நாற்காலியைப் போட்டு அமர்ந்துவிடுகின்ற இல்லங்கள் நம்மிடையே ஏராளம். உங்கள் இல்லமும் அவற்றுள் ஒன்றாயின், இங்கே பேசப்படும் தொல்லை உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருக்கும். இல்லையேல் விரைவில் பழக்கமாகும்.

தொட்டி அமைத்து இரண்டு மூன்று மாதங்கள் சென்ற பின், கண்ணாடியின் உட்புறத்தில் கடுகளவே உள்ள ஏதோவொன்று ஊர்ந்து செல்வதைப் பிள்ளைகள்தாம் முதலில் கண்டு கூவுவார்கள். குட்டி நத்தை! வீடே கூடி நின்று வேடிக்கை பார்க்கும். அடுத்த மாதம் அது இருபதாகும். அதற்கடுத்த மாதம் எண்ணி முடியாது. இலைகளின் மேலும் கீழும், மணற்பரப்பிலும், வடிகட்டியின் வாயிலும் நத்தைகளே தென்படும். வேடிக்கை அருவருப்பாக மாறும். 'இவற்றை ஒழிப்பது எப்படி?' என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

இக்கேள்விக்குக் கடைத்தெருவில் கிடைக்கும் விடை ஒரு சிறு புட்டியில் அடங்கியிருக்கிறது. அந்தப் புட்டியை வாங்காதீர்கள் என்று சொல்வதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

எம்மிடம் ஓதிய மாணவன் ஒருவனின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். இரண்டடி நீளத் தொட்டி. பத்துப் பன்னிரண்டு மீன்கள். வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற நீளிலைத் தாவரம் அடர்ந்து வளர்ந்திருந்தது. நத்தைகள் பெருகிவிட்டன. கடைக்காரர் கொடுத்த நீலநிற மருந்தை அவனுடைய வாப்பா இரவில் ஊற்றினார். காலையில் பார்த்தால் நத்தைகள் எல்லாம் அடியில் செத்துக் கிடந்தன. மருந்தின் வல்லமையை வீட்டார் வியந்தனர். மறுநாள் நீர் பால்போலக் கலங்கிற்று. மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றாம் நாள் காலையில் அந்தப் பையன் பாடம் ஓத வரவில்லை. செத்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொல்லையில் புதைத்துக்கொண்டிருந்தான்.

அங்கே நிகழ்ந்தது என்ன? அத்தகைய மருந்துகள் பலவற்றின் உயிர்நாடி செம்பு. மயில்துத்தம் என்று நாம் அறிந்த அதே உப்புதான் பெரும்பாலும் அதிலும் உள்ளது. நத்தை, இறால் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களுக்குச் செம்பு மிகச் சிறு அளவிலேயே நஞ்சு. மீன்களின் செவுள்களையும் அது தாக்கும். உப்புச்சத்துக் குறைந்த மென்னீரில் அதன் கடுமை இன்னும் கூடும். ஆயினும் அந்தப் பையனின் மீன்களைக் கொன்றதில் செம்பைவிடப் பெரிய பங்கு செத்த நத்தைகளுக்கே உண்டு. நூற்றுக்கணக்கான உடல்கள் ஓட்டுக்குள்ளும் சரளைக் கற்களுக்கு அடியிலும் ஒரே நேரத்தில் அழுகும்போது அம்மோனியா வெளிப்படுகிறது. சாதாரண நாட்களில் மீன்களின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை, வடிகட்டியிலும் மணலிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். நாள்தோறும் பத்துப் பேருக்குச் சமைக்கும் அடுப்பில் திடீரென்று ஐந்நூறு பேருக்கு உலை வைக்க முடியுமா? அழுகலை உண்ணும் வேறு நுண்ணுயிர்கள் பெருகியதனால்தான் நீர் வெளுத்தது. அவை நீரிலுள்ள உயிர்வளியையும் குடித்துத் தீர்த்தன.

இதைப் படிக்கும்போதே எவரேனும் மருந்தை ஊற்றிவிட்டு நிற்பீர்களாயின், தாமதிக்க வேண்டாம். பாதி நீரை இறைத்துவிட்டுக் குளோரின் நீக்கிய புதுநீரை நிரப்புங்கள். செத்த நத்தைகளை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். காற்றுக் குழாயை முழுவேகத்தில் ஓடவிட்டு, வடிகட்டியில் செயலூட்டிய கரியை வையுங்கள். இரண்டு நாட்களுக்கு மீன்களுக்கு இரையிட வேண்டாம். பட்டினியால் அவை சாகா.

நத்தைகள் வந்த வழி

சந்தையிலிருந்து தாவரத்தைக் கொண்டுவந்தவர் எவரோ அவரே நத்தையையும் கொண்டுவந்தார். சென்னை கொளத்தூரைப் போன்ற வண்ணமீன் சந்தைகளில் ஈரம் சொட்டச் சொட்ட நாம் வாங்கி வரும் பசும் கொத்தினுள், இலையின் அடிப்புறத்தில், வெந்த ஜவ்வரிசித் துளி போல் ஒரு பசைத்திரள் ஒட்டியிருக்கும். கண்ணாடி போலத் தெளிவாய் இருப்பதால் உற்று நோக்கினாலன்றித் தெரியாது. அதற்குள் பத்திலிருந்து முப்பது வரை முட்டைகள் இருக்கக்கூடும். நம் நாட்டு வெப்பத்தில் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் அவை பொரித்துவிடும்.

நம் தொட்டிகளில் பெருகுபவை பெரும்பாலும் மூன்று இனங்கள். முதலாவது ஃபைசா எனப்படும் சிறு நத்தை. கூர்முனை மேலேயும் வாய் நம்மை நோக்கியும் இருக்குமாறு பிடித்துப் பார்த்தால் அதன் வாய் இடப்பக்கம் அமைந்திருக்கும். இதைக் கொண்டே அடையாளம் காணலாம். 1805ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கரோன் ஆற்றில் கிடைத்ததை வைத்து இதற்குப் பெயரிட்டார்கள். ஆனால் இதன் தாயகம் வட அமெரிக்கா என்று பின்னர்த் தெரிய வந்தது. பெயரிடுவதற்கு முன்பே கடல் கடந்துவிட்ட இந்த விருந்தாளி, இன்று நீர்த்தாவர வணிகத்தின் தோளேறி உலகின் பெரும்பகுதியிலும் குடியேறியிருக்கிறது.

இரண்டாவது, ஆட்டுக்கொம்பு போலத் தட்டையாகச் சுருண்ட நத்தை. இதன் குருதியில் நம் குருதியில் உள்ளது போன்ற சிவப்புப் பொருள் உண்டு. அதனால்தான் ஓடு வெளிறிய சில நத்தைகள் செம்பவழம் போலத் தோன்றுகின்றன. கடைகளில் அவற்றை விலைக்கே விற்கிறார்கள். மேற்சொன்ன இரண்டு இனங்களிலும் ஒவ்வோர் உயிரும் ஆணும் பெண்ணும் ஆகும். துணை கிடையாவிடில் தனியொரு நத்தையே தன்னைத்தானே கருவுறச் செய்து முட்டையிட வல்லது. 'ஒன்றே ஒன்றுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று இரக்கம் காட்டிய வீடுகளில் படை பெருகியதன் மர்மம் இதுவே.

மூன்றாவது, மலேசிய ட்ரம்பெட் நத்தை. எக்காளம் போன்று நீண்டு கூம்பிய ஓடு. பகலெல்லாம் மணலுக்குள் புதைந்திருந்து இரவில் வெளிவரும். இது முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகிறது. பெரும்பாலும் பெண்களே, ஆணின்றியே இனம் பெருக்கும். பகலில் உங்கள் கண்ணில் பத்துப் பட்டால் மணலுக்குள் நூறு இருக்கலாம். ஆனால் இதனால் ஒரு நன்மையும் உண்டு. மணலைக் கிளறிக் கொண்டேயிருப்பதால் அடியில் காற்றற்று நாறிப்போகும் நிலை குறைகிறது. மண்புழு வயலுக்குச் செய்வதை இது தொட்டிக்குச் செய்கிறது. பட்டப்பகலில் இவை கூட்டங்கூட்டமாகக் கண்ணாடியில் ஏறி நீர்மட்டத்தை நாடினால், நீரில் உயிர்வளி குன்றிவிட்டது அல்லது கழிவு மிகுந்துவிட்டது என்று கொள்ளுங்கள். நீரைச் சோதிக்கும் கருவியை வாங்காத வீட்டிற்கு அவையே கருவி.

வீண்பழிகள் இரண்டு

நத்தைகள் மீனைக் கொன்றுவிட்டன என்று பலர் முறையிடக் கேட்டிருக்கிறோம். செத்த மீனின் மேல் நத்தைகள் மொய்த்திருப்பது உண்மையே. பிணத்தை அப்புறப்படுத்த வந்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பிடித்துக் கட்டுவது போன்றதே இது. இம்மூவகை நத்தைகளும் நலமுள்ள மீனை ஒன்றும் செய்வதில்லை. மீன் இறந்த காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

அடுத்தது, இலைகளில் ஓட்டை. நத்தை கடித்துவிட்டது என்பார்கள். இச்சிறு நத்தைகள் உண்பவை பாசியையும், பழுத்து அழுகும் இலைகளையும், சிந்திய இரையையுமே. நலமான தடித்த இலையைக் கிழிக்கும் வலிமை அவற்றின் வாய்க்கு இல்லை. முதிர்ந்த இலைகளில் ஊசித் துளைகள் தோன்றி மஞ்சள் விளிம்புடன் பெரிதாகுமாயின், அது பெரும்பாலும் பொட்டாசியச் சத்துக் குறைவு. உரமிட வேண்டிய இடத்தில் நஞ்சிட்டு என்ன பயன்? கைப்பிடி அளவுக்கு வளரும் ஆப்பிள் நத்தைகளின் கதை வேறு. அவற்றுள் சில இனங்கள் தாவரத்தை வேரோடு மேய்ந்துவிடும். தாவரத் தொட்டியில் அவற்றுக்கு இடம் தராதீர்கள்.

ஒரு வரலாற்றுச் செய்தியை இங்கே சொல்வது பொருந்தும். இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்றொரு வேதியியலார் இருந்தார். மீனும் தாவரமும் ஒன்றையொன்று தாங்கி, அடிக்கடி நீர் மாற்றாமலே வாழ இயலுமா என்று அவர் ஆராய்ந்தார். இரண்டு சிறு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா தாவரத்தையும் ஒரு தொட்டியில் வைத்தார். சிறிது காலம் எல்லாம் நன்றாகவே சென்றது. பின்னர்ப் பழைய இலைகள் அழுகி, நீர் கலங்கி, மீன்களுக்கு ஆபத்து நேர்ந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? குளத்து நத்தைகள் சிலவற்றைத் தாமே கொண்டுவந்து விட்டார்! அவை அழுகலைத் தின்று தீர்த்தன, அவற்றின் முட்டைகளும் குஞ்சுகளும் மீன்களுக்கு இரையாயின, நீர் தெளிந்தது. 1850ஆம் ஆண்டில் இதனை அவர் இலண்டன் வேதியியல் சங்கத்தில் அறிவித்தார். இன்று உலகெங்கும் வீடுகளில் காணும் தாவரத் தொட்டிக்கு அடிகோலிய சோதனைகளுள் அது முதன்மையானது. நாம் இன்று கொல்வதற்கு வழி தேடும் உயிர், அன்று அத்தொட்டியைக் காப்பாற்ற அழைக்கப்பட்ட மூன்றாவது பங்காளி.

அவ்வாறாயின், பங்காளி படையாக மாறுவது ஏன்? வாரிங்டனின் தொட்டியில் அழுகியது சில இலைகள் மட்டுமே. நம் தொட்டியிலோ நாளொன்றுக்கு நான்கு முறை இரை மழை பொழிகிறது.

இரையே வேர்

உங்கள் வீட்டில் மீனுக்கு இரையிடுபவர் யார்? சற்று எண்ணிப் பாருங்கள். காலையில் வாப்பா ஒரு சிட்டிகை. பள்ளிக்குப் புறப்படும்போது மகள் ஒரு சிட்டிகை. 'பாவம், பசியோடு மேலே மேலே வருகிறதே' என்று உம்மா ஒரு சிட்டிகை. மாலையில் பேரப்பிள்ளைக்கு வேடிக்கை காட்ட நன்னா ஒரு சிட்டிகை. பெருநாளன்று உறவினர் வீட்டுப் பிள்ளைகள் திரண்டு வந்துவிட்டாலோ, டப்பா பாதியாகிவிடும்! மீன் கண்ணாடியருகே ஓடி வருவதற்குப் பசி மட்டும் காரணமன்று. ஆள் நிழலைக் கண்டால் இரை விழும் என்று அது பழகிக்கொண்டது, அவ்வளவே.

மீன் உண்டது போக எஞ்சிய இரை சரளைக்குள் இறங்குகிறது. அதுவே நத்தையின் களஞ்சியம். உணவு மிகுந்தால் நத்தை மிகுதியாக முட்டையிடும். குறைந்தால் முட்டையும் குறையும், குஞ்சுகளும் பிழைப்பது அரிது. தொட்டியிலுள்ள நத்தைகளின் எண்ணிக்கை, நாம் வீணடித்த இரையின் கணக்கேடு. ஏட்டைக் கிழித்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? மருந்திட்டு எல்லாவற்றையும் கொன்ற வீடுகளில் ஆறு மாதத்தில் மீண்டும் நத்தை பெருகுவது இதனால்தான். ஏதோ ஓர் இடுக்கில் ஒரு முட்டைத்திரள் தப்பியிருக்கும். களஞ்சியமோ நிறைந்தே இருக்கும்.

ஆகவே முதற்பணி இரையைக் குறைப்பது. இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவு. நாளொன்றுக்கு ஒரு முறை. வாரத்தில் ஒரு நாள் இரையே இல்லை. நன்கு வளர்ந்த மீனுக்கு இது போதும். குஞ்சுகளாயின் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். இரை டப்பாவை ஒருவர் பொறுப்பில் விட்டு, மற்றவர் கைக்கு எட்டாமல் வைத்துவிடுவது நல்லது. இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம் என்பதை அறிவோம். நன்னாவின் கையிலிருந்து டப்பாவை வாங்குவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்! நாலைந்து நாள் ஊருக்குச் செல்ல நேர்ந்தால் அண்டை வீட்டாரிடம் இரை டப்பாவைக் கொடுத்துச் செல்லாதீர்கள். அவர்கள் அன்பு மிகுதியால் அள்ளிப் போடுவார்கள். நலமான மீன்கள் அந்த நாலைந்து நாளைப் பட்டினியாகவே கழித்துவிடும்.

அடுத்து, அழுகும் இலை. புதிதாக நட்ட தாவரங்கள் பலவும் முதல் சில வாரங்களில் பழைய இலைகளை உதிர்த்துவிட்டே புதுத்தளிர் விடும். புதுத்தொட்டியில் நத்தைகள் திடீரெனப் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். பழுத்த இலையைக் கத்தரியால் அடியோடு வெட்டி அன்றன்றே எடுத்துவிடுங்கள். விளக்கை நாளொன்றுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்திற்கு மேல் எரியவிடாதீர்கள். சன்னல் வெயில் நேரே தொட்டியில் விழுமாயின் திரை போடுங்கள். வெளிச்சம் மிகுந்தால் பாசி மிகும். பாசி மிகுந்தால் நத்தைக்கு விருந்து.

வாரம் ஒரு முறை, குழாயை வைத்து உறிஞ்சி அடிக்கழிவை வெளியேற்றுங்கள். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உடைய தொட்டி ஏறக்குறைய 56 லிட்டர் கொள்ளும். அதில் கால் பங்கு, அதாவது ஒரு வாளியளவு நீர் வெளியேறினால் போதும். முழுத்தொட்டியையும் கவிழ்த்துக் கழுவும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. நற்பணி செய்யும் நுண்ணுயிர்களும் அதில் அழிந்துபோகும். ஆதலால் அதைக் கைவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. நத்தை ஓட்டுக்கு அது நல்ல உரம். அதற்காக நீரின் தன்மையையே மாற்ற முற்பட வேண்டாம். பழகிய நீரை விட்டு மாற்றினால் துன்பப்படுவது மீன்.

பொறி வைத்துப் பிடித்தல்

இரையைக் குறைத்த நாளிலிருந்தே இருக்கும் நத்தைகளைப் பிடிக்கவும் தொடங்கலாம். இதற்குச் சமையலறையே போதும். வெள்ளரிக்காய்த் துண்டையோ முட்டைக்கோஸ் இலையையோ கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, எவர்சில்வர் கரண்டியில் நூலால் கட்டி, இரவு விளக்கணைத்த பின் தொட்டியின் அடியில் இறக்குங்கள். விடியற்காலையில், ஃபஜ்ர் தொழுகைக்கு எழும் நேரத்தில், பார்த்தால் அதன் மேல் நத்தைகள் மொய்த்திருக்கும். மெல்லத் தூக்கி வெளியேற்றிவிட்டுக் காயை எறிந்துவிடுங்கள். வெயிலேறும்வரை விட்டால் நத்தைகள் கலைந்துவிடும். காயும் அழுகி அவற்றுக்கே உணவாகும். அடுத்தடுத்து ஏழெட்டு இரவுகள் இதைச் செய்ய வேண்டும். ட்ரம்பெட் நத்தைக்கும் இது நன்கு பயன்படும். ஏனெனில் இரவில்தான் அது மேலே வருகிறது.

இலையடியில் காணும் முட்டைத்திரளை விரல் நகத்தாலும், கண்ணாடியில் உள்ளதைப் பழைய பிளாஸ்டிக் அட்டையாலும் சுரண்டி எடுங்கள். வடிகட்டியின் உறிஞ்சு வாயில் ஒரு நுரைப்பஞ்சைப் பொருத்துங்கள். குட்டி நத்தை உள்ளே சென்று விசிறியை அடைத்துவிட்டால் வடிகட்டி நின்றுவிடும். தொட்டிக்குள்ளேயே சில நத்தைகளை நசுக்கி மீனுக்கு இரையாக்குவோரும் உண்டு. நாளொன்றுக்கு ஐந்தாறு என்றால் குற்றமில்லை. ஐம்பதை நசுக்கினால் அந்த மாணவன் வீட்டுக் கதைதான்.

ஒரு தாளைத் தொட்டியருகே ஒட்டி வையுங்கள். வாரம் ஒரு நாள், விளக்கணைத்து ஒரு மணி நேரம் சென்றபின் டார்ச் அடித்து, முன்பக்கக் கண்ணாடியில் தெரியும் நத்தைகளை மட்டும் எண்ணித் தேதியுடன் குறியுங்கள். இந்தப் பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம், உற்சாகமாகச் செய்வார்கள். முதல் இரு வாரங்களில் எண்ணிக்கை கூடினாலும் கலங்க வேண்டாம். பசியெடுத்த நத்தைகள் மறைவிடம் விட்டு வெளிவருவதால் அப்படித் தோன்றும். ஐந்தாறு வாரங்கள் சென்றும் இறங்கவில்லையாயின், வீட்டில் யாரோ இரகசியமாக இரையிடுகிறார்கள்!

நத்தை தின்னும் மீன்கள்

'நத்தையைத் தின்னும் மீனொன்றை விட்டுவிட்டால் வேலை முடிந்ததே?' என்பார் பலர். கடைகளில் இதற்கென்றே க்ளவுன் லோச் என்னும் ஆரஞ்சும் கறுப்புமான அழகு மீனைக் கொடுப்பார்கள். வாங்கும்போது அது விரல் நீளம். சுமத்ரா, போர்னியோ தீவுகளின் ஆறுகளைச் சேர்ந்த அம்மீன் ஒரு சாணைத் தாண்டி, 30 செ.மீ. வரைகூட வளரும், கூட்டமாகவே வாழும். இரண்டடித் தொட்டியில் அதை அடைப்பது அநீதி.

நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரிய இரண்டு சிறு மீன்களையும் இதற்காகவே விற்கிறார்கள். ஒன்று கேரள நீர்நிலைகளுக்குப் பெயர்பெற்ற குள்ளப் பேத்தை மீன். பட்டாணி போல் உருண்டு, மூன்று செ.மீ. அளவே வளரும். ஃபைசா நத்தைகளை அது ஆசையோடு வேட்டையாடும். ஆனால் பிற மீன்களின் துடுப்பையும் கடிக்கும். ட்ரம்பெட் நத்தையின் கெட்டி ஓட்டை அதனால் உடைக்க இயலாது. மற்றொன்று வரிகள் கொண்ட சீப்ரா லோச். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இவ்விரண்டுமே இடம்பெற்றுள்ளன. லோச்சின் நிலை மேலும் மோசம். காட்டாற்றில் அருகிவரும் உயிரைப் பிடித்து வந்து, நாம் சிந்திய இரையால் பெருகிய நத்தையைத் தின்னக் கொடுப்பது நியாயமாக எமக்குத் தோன்றவில்லை.

துணை தேவையெனில் 'அசாசின்' என்று கடைகளில் விற்கும் மஞ்சளும் பழுப்புமான வரிநத்தையைப் பரிந்துரைப்போம். தென்கிழக்காசியாவைச் சேர்ந்த இது, பிற நத்தைகளைத் தின்னும் நத்தை. தாவரத்தைத் தொடாது. ஆணும் பெண்ணும் வெவ்வேறாதலாலும், முட்டைகளை ஒவ்வொன்றாக இடுவதாலும் மெதுவாகவே பெருகும். இரண்டடித் தொட்டிக்கு நான்கைந்து போதும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்களாகும். உங்கள் தொட்டியில் இறால் இருந்தால் சற்று யோசித்துச் செய்யுங்கள். நலிந்த இறாலை அது விட்டுவைக்காது.

வேட்டை உயிரை எங்கே விடுகிறோம் என்பதில் கவனம் மிக வேண்டும். பசிபிக் பெருங்கடலின் மூரியா தீவில், பயிரை அழித்த ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிப்பதற்கென்று 1977இல் நத்தை தின்னும் நத்தையொன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு, அத்தீவுக்கே உரிய சிறு மரநத்தைகளைத் தின்றது. பத்தாண்டு காலத்திற்குள் அவை அங்கே காட்டில் ஏறத்தாழ இல்லாமற்போயின. கண்ணாடித் தொட்டிக்கு நான்கு சுவர்கள் உண்டு என்பதே நமக்குள்ள பாதுகாப்பு. அச்சுவருக்கு வெளியே எதையும் விடலாகாது.

புதிய தாவரம் வாங்கும்போது

வாங்கி வந்த தாவரத்தை நேரே தொட்டியில் நடாதீர்கள். ஓடும் நீரில் அலசி, வெளிச்சமுள்ள இடத்தில் தனி வாளியில் மூன்று நான்கு வாரம் வைத்திருந்தால், முட்டை இருப்பின் பொரித்துக் குஞ்சுகள் தென்படும். பொறுக்கி எறிந்துவிட்டு நடலாம். அவ்வளவு பொறுமை இல்லாதோர்க்குப் படிகாரம் உண்டு. நான்கு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி படிகாரத்தூளைக் கரைத்து, அதில் தாவரத்தை இரண்டு மூன்று மணி நேரம் அமிழ்த்தி, நன்றாகக் கழுவி எடுங்கள். நத்தைகள் மடியும், முட்டைகள் சில தப்பக்கூடும்.

முட்டையையும் அழிக்க வல்லது சலவைக்குப் பயன்படும் குளோரின் திரவம். 5 விழுக்காட்டுத் திரவம் ஒரு பங்குக்கு நீர் 19 பங்கு, இரண்டே நிமிடம், உடனே பலமுறை அலசி, ஹைப்போ கரைத்த நீரில் சிறிது நேரம் போட்டு வைக்க வேண்டும். அனுபியாஸ் போன்ற தடித்த இலைகள் இதைத் தாங்கும். வாலிஸ்னேரியாவும் நீர்ப்பாசி வகைகளும் தாங்கா; அவை வெந்துபோகும். பிள்ளைகள் அருகில் இல்லாதபோது, கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்துடன் இத்திரவம் கலந்துவிட்டால் நச்சுவாயு எழும். கடைகளில் இப்போது திசு வளர்ப்பு முறையில் சிறு மூடிய குப்பிகளில் வளர்த்த தாவரங்களும் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான். ஆனால் நத்தையோ முட்டையோ அவற்றில் இராது.

குளத்திலும் வாய்க்காலிலும் இலவசமாகக் கிடைக்கிறதே என்று பிள்ளைகள் பறித்து வரும் தாவரங்களை ஏற்காதீர்கள். ஆடு மாடுகளின் ஈரலையும் குருதிக் குழாய்களையும் தாக்கும் தட்டைப் புழுக்கள் சிலவற்றுக்குக் குளத்து நத்தைகளே இடைத்தங்கல் வீடு. அவற்றின் இளம் புழுக்களால் மனிதர் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாவதுண்டு. எந்தத் தொட்டியில் கைவிட்டாலும் பின்னர்ச் சோப்பிட்டுக் கழுவும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்துங்கள்.

பிடித்த நத்தைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். சாக்கடையிலோ, ஊர்க் குளத்திலோ, பள்ளிவாசல் ஹவுளிலோ விட்டுவிடாதீர்கள். ஃபைசா உலகைச் சுற்றியது இவ்வாறுதான். கோழி, வாத்து வளர்ப்போர் உடன் கொதிநீரில் போட்டெடுத்து அவற்றுக்கே தீனியாக்கலாம். கொதிநீரில் நத்தை நொடியில் மடிந்துவிடும். உப்பைத் தூவித் துடிக்கவிட வேண்டியதில்லை. கோழி இல்லாத வீட்டில், அவ்வாறே கொதிநீரில் போட்டெடுத்த நத்தைகளை ஓட்டோடு நொறுக்கி ரோஜாச் செடியின் வேரடியில் அரையடி ஆழத்தில் புதையுங்கள். ஓட்டின் சுண்ணாம்பும் உடலின் தழைச்சத்தும் செடிக்கு உரமாகும். தொட்டியிலிருந்து இறைத்த பழைய நீரையும் அதே செடிக்கு ஊற்றலாம். வெட்டிய இலைகளை மட்டும் இரண்டு நாள் வெயிலில் நன்கு காயவைத்த பிறகே குப்பையில் சேருங்கள்.